கான்க்ரீட் தளத்தில் வெடிப்பும் இரும்புக் கம்பியின் வேலையும்

ஐக்கிய சங்கங்கள் பொதுப் பணத்தைக் கொண்டு தானியக் கிடங்கும் நெல் உலர்த்தும் களமும் கட்ட முற்படும்போது, அங்கத்தினர்களிடையே ஒரு தப்பபிப்பிராயம் நிலவுவதைக் காணலாம். கம்பி போட்ட கான்க்ரீட் வெடிக்காது என்பதே அது. கட்டி முடிந்த ஆறாம் மாதம் தளத்தில் மயிரிழை போன்ற கோடு ஒன்று தென்பட்டவுடன், கம்பியில் மோசம் நடந்துவிட்டதென்று நிர்வாக சபையில் பூசல் எழுகின்றது. வேறோரிடத்தில் நாணயத்தின் விளிம்பு நுழையும் வெடிப்பைக் கண்டும், உள்ளே கம்பி இருக்கின்றதே என்று வாளாவிருந்து விடுகின்றனர். இரண்டும் தவறே. கம்பி வெடிப்பைத் தடுப்பதில்லை. உண்டான வெடிப்பை அகலவொட்டாமல் பிடித்துக் கொள்வதே அதன் வேலை.

கான்க்ரீட் பாரத்தைத் தாங்குவதில் கல்லுக்கு ஒப்பானது. இழுப்பைத் தாங்குவதிலோ, அந்தப் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அதற்கு உண்டு. கலவையில் சேர்ந்த நீர் உலர உலர அது சுருங்குகின்றது. கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் பாளம் பாளமாக வெடிப்பதும் இவ்வாறே. முப்பதடி நீளமுள்ள தளம் உலர்ந்து முடிவதற்குள் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் சுருங்கக்கூடும். இரு முனைகளும் சுவரில் அகப்பட்டிருப்பின் சுருங்க இடமின்றி இழுப்பு ஏற்படுகின்றது. அவ்வளவு இழுப்புக்கு நீண்டு கொடுக்கும் சக்தி கான்க்ரீட்டுக்குக் கிடையாது, ஆகவே பிளந்துவிடுகின்றது. கம்பியில்லாத தளமானால் சுருக்கம் முழுவதும் ஓரிடத்தில் கூடி, ஒரே பெரிய வெடிப்பாகத் திறந்துகொள்ளும்.

கம்பியுள்ள தளத்திலும் முதல் வெடிப்பு உண்டாகவே செய்யும். அதன்பின்னரே கம்பிக்கு மெய்யான வேலை ஆரம்பமாகின்றது. வெடிப்பின் இரு உதடுகளையும் அது இறுகப் பற்றுகின்றது. தான் ஏற்ற இழுப்பைத் தன்னை ஒட்டியுள்ள கான்க்ரீட்டுக்குச் சிறிது சிறிதாகத் திரும்பக் கொடுக்கின்றது. அதனால் சற்றுத் தள்ளி மற்றொரு மெல்லிய கோடு, அதற்கப்பால் இன்னொன்று என்று சுருக்கம் பல இடங்களில் பங்கிடப்படுகின்றது. ஒரு பெரிய வெடிப்புக்குப் பதில் கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் பல கோடுகள்; அவற்றுள் நீர் எளிதில் இறங்காது. சுவர் மண்ணில் வைக்கோலை மிதித்துச் சேர்த்த நம் முன்னோர் இந்த உபாயத்தை அறிந்தே இருந்தனர். 1867-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்துத் தோட்டக்காரர் ஜோஸப் மோனியே என்பவர், கம்பி வலையைப் பொதிந்த சிமெண்டுப் பூந்தொட்டிகளுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். வெயிலில் இரும்பும் கான்க்ரீட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவது இக்கூட்டுறவுக்குப் பெரிதும் அனுகூலமாய் அமைந்தது.

கம்பியின் பிடிப்பு அதன் மேற்பரப்பைப் பொறுத்தது. 16 மில்லிமீட்டர் கம்பி ஒன்றும் 8 மில்லிமீட்டர் கம்பி நான்கும் ஒரே எடையுள்ளவை; ஆயினும் பின்னவற்றுக்கு மேற்பரப்பு இரு மடங்கு. ஆதலால் வெடிப்பை அடக்குவதற்குத் தடித்த கம்பிகளை எட்ட எட்டப் போடுவதைவிட, மெல்லிய கம்பிகளை நெருங்கப் போடுவதே மேல். வழவழப்பான கம்பியைக் காட்டிலும் வரிக் கம்பி நன்கு பிடிக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ஆம் வருஷத்தில் வெளியிட்ட 456-ஆம் எண் விதிகளில், தளத்தின் குறுக்குப் பரப்பில் நூற்றுக்கு 0.12 பங்கேனும் வரிக் கம்பி இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. ஐந்தங்குலத் தளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 8 மில்லிமீட்டர் கம்பி மூன்று என்று இது ஆகும். இது கீழ் எல்லையே. முனைகள் கட்டுண்டு வெயிலில் காயும் தளத்துக்கு இதனினும் கணிசமாய் அதிகம் வேண்டும். அதை என்ஜினீயரே நிர்ணயிக்க வேண்டும்.

எவ்வளவு கம்பி என்பதற்கு நிகராக, எங்கே கம்பி என்பதும் முக்கியம். இரு சுவர்களின்மேல் கிடக்கும் கூரைத் தளம் நடுவில் தொய்யும்போது அடிப்பக்கமே இழுபடுவதால், முக்கியக் கம்பி அடியில் இருத்தல் வேண்டும். சுவரிலிருந்து வெளியே நீளும் சன்ஷேடில் இது தலைகீழாகின்றது. அங்கே மேற்பக்கம் இழுபடும். கான்க்ரீட் கொட்டும் ஆட்கள் அக்கம்பிகளின்மேல் நடந்து அவற்றை அடியில் அழுத்திவிடுவது சாதாரணமாய் நிகழ்வது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கம்பிக் கணக்கும் சரியாகவே இருக்கும். முட்டுகளைப் பிரித்தவுடனோ சில காலம் கழித்தோ சுவரோரமாய் வெடித்து, நிழலுக்கு ஒதுங்கியவர் தலைமேல் அது விழும். கான்க்ரீட் போடும் அன்று நிர்வாக சபையார் ஒருவர் அருகில் நின்று இதைக் கவனித்தல் அவசியம். தேநீர் செலவு மிச்சமென்று வீட்டிலிருத்தல் கூடாது.

கம்பிக்கும் பலகைக்கும் இடையே சிமெண்டு வில்லைகளை வைத்துக் கம்பியை உயர்த்துவதும் வீண் செலவன்று. கான்க்ரீட்டின் காரத்தன்மை இரும்பைத் துருவிடாமல் காக்கின்றது. மூடும் கனம் குறைந்தால் காற்றும் ஈரமும் எளிதில் எட்டிவிடும். உப்புள்ள கடல் மணல் சேர்ந்தாலோ கேடு இன்னும் விரைவில் வரும். துரு, இரும்பைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைப்பதால், வெடிப்பை அடக்க வைத்த கம்பியே உள்ளிருந்து கான்க்ரீட்டைப் பிளந்து தள்ளும்.

கொட்டிய சில மணி நேரத்துக்குள் வெயிலாலும் காற்றாலும் மேற்பரப்பில் விழும் வெடிப்பைக் கம்பி அடக்க மாட்டாது. பற்றிக்கொள்ளக் கான்க்ரீட் அப்போது இறுகியிருப்பதில்லை. அதற்கு ஈரச் சாக்கே மருந்து. பின்னர்ப் பாத்தி கட்டி ஏழு நாளேனும், கடுங்கோடையில் பத்து நாளும், நீர் நிறுத்த வேண்டும்.

தரையில் கிடக்கும் நெற்களத்துக்குக் கம்பியையே நம்ப வேண்டுவதில்லை. நாலங்குலத் தளமானால் இரு திசையிலும் சுமார் பத்தடிக்கு ஒன்றாக இணைப்புக் கோடுகள் விட்டால், சுருக்கம் அவற்றிலேயே திறந்துகொள்ளும், பணமும் மிச்சமாகும். கம்பி போடுவதானால் மேற்பரப்பையடுத்துப் போட வேண்டும்; தரையோடு தரையாய்க் கிடக்கும் கம்பி பயன்படாது.

முற்கூறிய விதிகளின்படி, சாதாரணமாய் 0.3 மில்லிமீட்டர் வரையிலும், மண்ணோ ஈரமோ எப்போதும் படும் பாகங்களில் 0.2 மில்லிமீட்டர் வரையிலும் உள்ள வெடிப்பு பொறுக்கத்தக்கது. கிடங்கில் வெடிப்புக் கண்டால் அதன் இரு நுனிகளிலும் பென்சிலால் குறியிட்டுத் தேதியை எழுதி வைத்து, மாதம் ஒருமுறை பார்த்து வரலாம். குறியைத் தாண்டி ஓடினாலும், அகலம் கூடினாலும், ஓரத்தில் பழுப்புக் கறை கசிந்தாலும், மேலே சாந்து பூசி மறைக்காமல் என்ஜினீயரை அழைத்துக் காட்ட வேண்டும்.