ஓய்ந்த கால்களும் ஓயாத ஒப்பந்தமும்

அமெரிக்காவின் என்.எஃப்.எல். லீக்கில் 32 அணிகள் உள்ளன. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் உச்சக் களம் அது. ஒவ்வோர் அணியும் பயிற்சி முகாமுக்கு அழைத்த 90 பேரை ஆகஸ்ட் இறுதியில் 53 ஆகக் குறைக்க வேண்டும். துடிப்பான இளைஞர் பெட்டியைக் கட்ட, வேகம் குறைந்த மூத்த வீரர் தங்கிவிடுவது அங்கே புதிதல்ல. பயிற்சியாளர் பாரபட்சம் பார்க்கிறார் என்று ரசிகர்கள் கொதிப்பார்கள். பெரும்பாலும் காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

1994 முதல் அணிகளின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. 2024இல் அது 25.54 கோடி டாலர். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே வீரருக்குப் பெருந்தொகை போனஸ் கிடைக்கும். உச்சவரம்புக் கணக்கில் மட்டும் அதை அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதலாம். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

ஐந்தாண்டு ஒப்பந்தம், 2 கோடி டாலர் போனஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 40 லட்சம் கணக்கில் ஏறும். இரண்டு ஆண்டுகள் முடிந்தபின் வீரரை விடுவித்தால், மீதமுள்ள 1.20 கோடியும் ஒரே ஆண்டின் தலையில் விழும். இதை 'டெட் மணி' என்கிறார்கள். மூன்றாம் ஆண்டுச் சம்பளம் 60 லட்சம் என்றால், வைத்துக்கொள்ள ஆகும் கணக்கு 1 கோடிதான். அனுப்பினால் 20 லட்சம் கூடுதல் சுமை; அவர் இடத்துக்கு வருபவரின் சம்பளம் வேறு. ஜூன் 1க்குப் பிறகு விடுவித்தால் சுமையை இரண்டு ஆண்டுகளுக்குப் பகிரலாம், ஆனால் தப்ப முடியாது.

டென்வர் பிராங்கோஸ் அணி இந்தச் சுமையைத் துணிந்து ஏற்றது. 2022 செப்டம்பரில், தாக்குதல் ஆட்டத்தை வழிநடத்தும் குவாட்டர்பேக்கான ரஸ்ஸல் வில்சனுக்குச் சுமார் 24 கோடி டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தது. அந்த நீட்டிப்பின் முதல் ஆட்டப் பருவம் தொடங்குமுன்பே, 2024 மார்ச்சில் அவரை விடுவித்தது. விலை, இரண்டு ஆண்டுகளில் 8.5 கோடி டாலர் டெட் மணி. அதே வில்சனைப் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது.

மலிவான ஒப்பந்தத்தில் இருக்கும் மூத்தவருக்கும் விதி துணை நிற்கிறது. ஏழு ஆண்டு அனுபவமுள்ளவர் 2024இல் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஆடினால், உச்சவரம்புக் கணக்கில் 9.85 லட்சம் மட்டுமே ஏறும். அனுபவத்துக்கான கூடுதல் சம்பளத்துக்கு அஞ்சி இளைஞரைத் தேடும்படி அணிகள் தள்ளப்படக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது, நியாயமான ஏற்பாடும்கூட.

புள்ளிவிவரத்தில் தெரியாத பயனும் உண்டு. குவாட்டர்பேக் சேஸ் டேனியல் பத்தாண்டுகளுக்கு மேல் லீக்கில் இருந்தும் தொடக்க வீரராக இறங்கியது 5 ஆட்டங்களில்தான். எதிரணியின் தடுப்பு வியூகத்தைப் படிக்கவும், முதன்மை ஆட்டக்காரரைத் தயார்செய்யவும் தெரிந்தவருக்கு அணிகள் இடம் கொடுத்துக்கொண்டே இருந்தன.

ஆண்டுகள் கழியக் கழிய போனஸ் பாக்கி கரையும். அனுப்புவது வைத்துக்கொள்வதைவிட மலிவாகும் ஆண்டு வந்துவிட்டால், புதிய கணக்காண்டு தொடங்கும் மார்ச் மாதத்திலேயே பல மூத்த வீரர்கள் விடுவிக்கப்படுகிறார்கள்.