தூரிகை பிடித்த கை கணினியும் பழகும்

கம்பத்தை அடுத்த காமயகவுண்டன்பட்டி, காந்திக்குக் கோயில் கட்டிய ஊர். விடிவதற்குள் திராட்சைத் தோட்டத்துக்கும் கேரள ஏலத்தோட்டத்துக்கும் வேலைக்குக் கிளம்பும் ஊரும்கூட. இங்கும் பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களிலும் நம் தெருக்களில் கலைஞர்களுக்குப் பஞ்சமில்லை. சுவரில் எழுதுபவர், பறை அடிப்பவர், மேடைக்குப் படம் வரைபவர், தையலில் புது வடிவம் போடும் பெண்கள் என்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் பிளக்ஸ் பேனர் வந்தபின் சுவரெழுத்து வேலை போனது. வரையத் தெரிந்த பிள்ளை மறுபடி கூலி வேலைக்கே போகிறான்.

அந்தப் பிள்ளை சாப்ட்வேர் வேலைக்கு மாறலாமா? "படம் வரையுறவனுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?" என்பதுதான் வீட்டில் வரும் முதல் கேள்வி. இதை நாம் சாதாரணக் கேள்வியாக எடுத்துக்கொள்ள முடியாது. 1936-இல் அச்சான 'சாதியை ஒழிக்கும் வழி' நூலில் அண்ணல் அம்பேத்கர் இதைத் தெளிவாக்கினார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது. தொழில் மாற விடாததால் வேலையின்மைக்கும் அதுவே காரணமாகிறது என்றார். ஆகவே நமக்குத் தொழில் மாற்றம் என்பது சம்பளக் கணக்கோடு முடிகிற விஷயம் இல்லை.

தொழில் மாறினால் கலையைத் தூக்கிப் போடவேண்டும் என்பதும் இல்லை. பறையில் ஓர் அடி திரும்பத் திரும்ப வரும். சைகை கிடைத்ததும் மாறும். கணினி நிரலும் இப்படித்தான் நடக்கிறது. 1970-களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் நம் பெண்கள் போடும் புள்ளிக் கோலத்தை ஆராய்ந்து, படங்களுக்கான கணினி இலக்கணத்தோடு இணைத்தார்கள். வாசலில் போட்டது ஆய்வுக்கூடம் வரை போனது.

வேறு துறையிலிருந்து வந்து சாதித்தவர்களும் நம்மிடையே உண்டு. அதிராம்பட்டினம் உமர் தம்பி விலங்கியல் படித்தவர். துபாயில் மின்னணுச் சாதனங்களைப் பழுது பார்த்தவர். பிறகு கணினிக்கு வந்து, 'தேனீ' என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 2006-இல் மறைந்தார்.

எங்கே தொடங்குவது?

வரையத் தெரிந்தவருக்கு இணையப் பக்க வடிவமைப்பு எளிய வாசல். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். பழகியபின் ஜாவாஸ்கிரிப்ட் படிக்கலாம். 'கணியம்' தளத்தில் தமிழிலேயே இலவச நூல்கள் கிடைக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் தமிழ்க் குரலிலும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த தரவு அறிவியல் இணையவழிப் பட்டப்படிப்பில் பட்டியலின மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம் தள்ளுபடி. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் முக்கால் பங்கு தள்ளுபடி. பாடம் ஆங்கிலத்தில் என்பதை மட்டும் நினைவில் வைத்துச் சேரவேண்டும். தாட்கோ மாவட்ட அலுவலகத்திலும் இலவசத் திறன் பயிற்சிகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. 'வேலை உறுதி' என்று முன்பணம் கேட்பவரிடம் வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

தனியார் நிறுவனங்களில் இடஒதுக்கீடு இல்லை. தெரிந்தவர் சிபாரிசு அங்கும் நடக்கிறது. நமக்கு அந்தத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் செய்து காட்டிய வேலையே நமக்குச் சிபாரிசு. ஊர்ப் பறைக் குழுவுக்கு ஓர் இணையப் பக்கம், அக்கா நடத்தும் தையல் கடைக்கு ஒரு கணக்குச் செயலி என்று நான்கைந்து செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாதி அங்கே இல்லை என்றும் நாம் பொய் சொல்லப்போவதில்லை. தலித் பொறியாளர் ஒருவருக்குப் பாகுபாடு காட்டப்பட்டதாக 2020-இல் கலிபோர்னியா மாநில அரசே சிஸ்கோ நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. நிறுவனம் மறுத்தது. ஆனால் பேச்சு அதோடு அடங்கவில்லை. 2023-இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. உள்ளே போனவர்கள் வாய் திறந்ததால்தான் இது நடந்தது.

சென்னையிலும் பெங்களூருவிலும் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்கு ஊர் வரும்போது பழைய மடிக்கணினி ஒன்றைக் கொண்டு வாருங்கள். சமுதாயக்கூடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து, வரையத் தெரிந்த ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.