காற்றா, கடலா?

புயல் வருகிறது என்ற செய்தி கிடைத்ததும் எங்கள் வேதாரண்யம் கடற்கரையில் முதலில் எழும் கேள்வி, "காத்து எவ்வளவு?" என்பதுதான். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2018 நவம்பரில் கஜா வந்தபோது, பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கும்படி வீடு வீடாகச் சொன்னார்கள். என் அப்பாயி அசையவில்லை. "எழுபத்தேழு புயல்லயே நம்ம வாசலுக்குத் தண்ணி வரல, இதுலயா வரப்போவுது?" என்றார். அப்பா கெஞ்சி, கோபித்து, கடைசியில் அழைத்துப் போனார். மறுநாள் திரும்பிவந்தால் கூரையைக் காணோம். வீட்டுக்குள் முழங்கால் அளவு கடற்சேறு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். இயற்பியல் படிக்க வந்த பிறகுதான் அப்பாயியின் கணக்கு எங்கே தவறியது என்று எண்ணத் தொடங்கினேன்.

அதே கணக்கை அமெரிக்காவிலும் போட்டிருக்கிறார்கள்! அங்கே புயலை 'ஹரிக்கேன்' என்பர். காற்றின் வேகத்தைக் கொண்டு ஐந்து வகைகளாகப் பிரிப்பர். 1969 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலக் கடற்கரையைத் தாக்கிய 'கமீல்' ஐந்தாம் வகை. 2005 ஆகஸ்ட் 29 அன்று அதே கரைக்கு வந்த 'கத்ரீனா', கரையேறும்போது மூன்றாம் வகைதான். கமீலுக்கே தண்ணீர் வராத வீடு என்று நம்பிப் பலர் வீட்டிலேயே தங்கிவிட்டனர். ஆனால் கமீலின்போது ஏறத்தாழ ஏழரை மீட்டர் உயர்ந்த கடல், கத்ரீனாவின்போது எட்டரை மீட்டர் உயர்ந்தது.

காற்று குறைந்தும் நீர் கூடியது எவ்வாறு? புயலின் நடுவே காற்றழுத்தம் குறைவதால் கடல் சற்று மேலெழும். ஒரு மில்லிபாருக்கு ஒரு சென்டிமீட்டர். இது சிறு பங்கே. பெரும் பங்கு, காற்று நீரைக் கரை நோக்கித் தள்ளுவதால் வருவது. ஆழ்கடலில் தள்ளப்பட்ட நீர் அடியில் இறங்கித் திரும்பிவிடும். ஆழமற்ற கடலில் அதற்கு இடம் ஏது? கரைமேல் ஏறுகிறது. கத்ரீனா கமீலைவிடப் பரந்த புயல். முந்திய நாள் ஐந்தாம் வகையாக இருந்தது. கரையை நெருங்குகையில் காற்று தளர்ந்தது. அது திரட்டிய நீர் தளரவில்லை.

எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதும் முக்கியம். வட அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே அது செல்லும் திசைக்கு வலப்புறம் காற்று கடலிலிருந்து கரைக்கும், இடப்புறம் கரையிலிருந்து கடலுக்கும் வீசும். மேற்கு நோக்கி வரும் நம் புயல்களுக்கு வலப்புறம் என்பது வடக்கு. 2022இல் 'இயன்' புளோரிடாவின் மேற்குக் கரையைத் தாக்கியபோது, இடப்புறம் இருந்த டாம்பா விரிகுடாவில் நீர் வற்றித் தரை தெரிந்தது. வலப்புறம் போர்ட் மையர்ஸ் கடற்கரை மூழ்கியது.

ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ, கடல்நீருக்கோ ஆயிரம் கிலோவுக்கு மேல். மோதும் விசை அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. அப்படியானால் நாம் நடக்கும் வேகத்தில், மணிக்கு 5 கிலோமீட்டரில் வரும் நீர், மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் வீசும் காற்றுக்கு ஈடாகத் தள்ளும். விடுதியில் இக்கணக்கைப் போட்டுவிட்டு, நம்பாமல் மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

அமெரிக்காவின் ஐந்து வகை அளவுகோலில் 2010 முதல் கடலேற்றம் பற்றிய பேச்சே இல்லை. அதைத் தனியாக அறிவிக்கிறார்கள். நம் வானிலைத் துறையின் எச்சரிக்கையிலும், வழக்கமான ஓதத்துக்கு மேல் கடல் எத்தனை மீட்டர் ஏறும் என்று தனி வரி உண்டு. சென்ற விடுமுறையில் அதை அப்பாயிக்கு விளக்கினேன். "அது நம்ம வாசப்படிக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விடை! கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை இரவல் வாங்கி, ஓதம் ஏறி நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை துண்டு துண்டாக நானும் அப்பாவும் அளந்தோம். எங்கள் வாசற்படி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்பாயி அதைச் சுவரில் கரியால் எழுதிவைக்கச் சொன்னார்.