உங்களுக்குத் தெரியுமா? மரத்தை உரசிப் பறக்கும் கிளைடர்!

எஞ்சின் இல்லாத கிளைடர் உயரத்தில் பறந்தால்தான் பத்திரம் என்று நினைப்போம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பால்ட் ஈகிள் மலைத்தொடரில் பறப்பவர்கள் இதற்கு நேர்மாறு! மலைச்சரிவில் மோதும் காற்று மேலே எழும்புகிறது அல்லவா? அந்த ஏற்றம் பலமாக இருப்பது முகட்டை ஒட்டித்தான். அதனால், நல்ல காற்றடிக்கும் நாளில், உச்சிக் கிளைகள் இறக்கைக்குக் கீழே சரசரவென ஓட, மணிக்கு 200 கி.மீ. வேகத்தில்கூடப் போகிறார்கள். வட்டமடித்து உயரம் சேர்க்கும் வேலையே இல்லை.

அந்த வேகம்தான் அவர்களின் கையிருப்பு. 200 கி.மீ. வேகத்தில் போகும்போது விமானி ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்தால், வேகம் உயரமாக மாறும். கிளைடர் 100 மீட்டர் வரை ஏறிவிடும். மெதுவாகப் போகும்போது திடீரென இறங்குகாற்றில் சிக்கினால்? ஏற வேகம் இருக்காது. இறக்கை தூக்குவிசை இழந்து கிளைடர் சுழன்றால், மீள உயரமும் இருக்காது. முதுகில் பாராசூட் இருக்கும். அது விரியத்தான் இடம் போதாது. கண்ணுக்குச் சட்டெனப் புலப்படாத மின்கம்பிகள் வேறு!

மலையோரம் பறப்பவர்களுக்கு மாறாத விதி ஒன்று உண்டு: திரும்ப வேண்டுமா? மலைக்கு எதிர்ப்பக்கமாகத்தான் திரும்ப வேண்டும்.