சர்க்கரை வியாதியும் பெயரும் விழித்திரையும்

ஜங்புராவில் பாராபுல்லா ஓடையை அடுத்திருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1ஆம் நாள் இடிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த நம்மவருட் சிலர் நகரின் வடகோடியாகிய நரேலாவுக்கும், மற்றையோர் கிடைத்த வாடகை அறைகளுக்குமாகச் சிதறிப் போயினர். ஆஸ்பத்திரிப் பயணம் பலருக்கு நீண்டுவிட்டது. “அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம்” என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும் சர்க்கரை வியாதியுள்ளோர் கண் விஷயத்தில் அவ்வாறு தள்ளிப்போடலாகாது என்பதனாலேயே இதனை எழுதுகிறோம்.

இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டு மிகுந்திருப்பின் விழித்திரையின் நுண்ணிய குழாய்கள் கெடுகின்றன. இரத்தம் போதாமல் அங்கே புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை நலிந்தவை, எளிதிற் கசிபவை. அவற்றோடு வளரும் தழும்புச் சவ்வு நாளடைவிற் சுருங்கி, சுவரிலிருந்து சுண்ணாம்புப் பூச்சு பெயர்வதுபோல் விழித்திரையை இழுத்துப் பெயர்க்கிறது. வலி சிறிதும் இராது. இந்நோயின் வஞ்சகம் அதுவே.

கண்ணின் உட்கூழைத் தொடவே கூடாதென்று வைத்தியர்கள் அஞ்சியிருந்த காலமுண்டு. 1970இல் அமெரிக்காவின் மியாமி நகரில் டாக்டர் ராபர்ட் மகெமர் அக்கூழை வெட்டி உறிஞ்சும் கருவியால் ‘விட்ரெக்டமி’ என்னும் ரண சிகிச்சையைத் தொடங்கினார். அவர் கருவி நுழைய 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளை வேண்டியிருந்தது. இன்று ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்த் துளைகள் மூன்று போதும். ஒன்றின் வழியே உப்பு நீர், ஒன்றில் விளக்கு, மற்றதில் வெட்டுங் கருவி. கூழை அகற்றி, சவ்வை நறுக்கி உரித்து, லேசர் ஒளியாற் சுட்டு, திரை படிந்திருக்க வாயுவையோ சிலிக்கோன் எண்ணெயையோ நிரப்புகின்றனர்.

பாஸ்டனில் டாக்டர் ஷெபன்ஸிடம் பயின்ற டாக்டர் பத்ரிநாத் 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். டில்லியில் எய்ம்ஸைச் சேர்ந்த ராஜேந்திர பிரசாத் கண் மையம் 1967 முதல் உள்ளது. ஆதலின் ஊருக்குப் போய்த்தான் வைத்தியம் என்று காத்திருக்க வேண்டுவதில்லை.

எல்லார்க்கும் கத்தி வேண்டுவதுமில்லை. பார்வையின் மையப் பகுதி பெயராதிருப்பின் வைத்தியர் சில காலம் கவனித்து வரலாம். மையம் பெயர்ந்தபின் தாமதம் பார்வையையே குறைக்கும். இரத்தக் கசிவைக் குறைக்கச் சிகிச்சைக்குச் சில நாள் முன்னர்க் கண்ணில் ஊசி போடுவதுண்டு. அதன்பின் குறித்த நாளைத் தவறவிட்டால், சவ்வு மேலும் சுருங்கித் திரையை இழுக்கக்கூடும். வாயு நிரப்பப்பட்டோர் வைத்தியர் சொல்லும் நாள்வரை குப்புறப் படுத்திருக்க நேரலாம். வாயு கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. எண்ணெயாயின் அதை எடுக்கப் பெரும்பாலும் மறுமுறை வரவேண்டும்.

பரிசோதனைக்குச் செல்வோர் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்க. பாவையை விரிக்கச் சொட்டு மருந்து இட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கியிருக்கும். தனியே பஸ் பிடித்துத் திரும்புதல் கடினம்.