வசைச்சொல் யாருக்குச் சொந்தம்?



உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் ஆங்கிலப் பாடல்களை என்றேனும் செவிகொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? 'ராப்' எனப்படும் பாடல்கள் பலவற்றில் ஒரு சொல் அடிக்கடி வந்துபோகும். கறுப்பினப் பாடகர் தம் தோழரை அச்சொல்லால் அழைப்பார். தோழரும் மகிழ்ந்து அதே சொல்லால் விடையளிப்பார். பொருள் அறியாத நம் பிள்ளைகளும் தாளத்தோடு சேர்த்து அதனைப் பாடிவிடுகிறார்கள். அதே பிள்ளை நாளை மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்று, உடன் பயிலும் கறுப்பின மாணவரை அவ்வாறு அழைத்தால் நட்பு முறியும். பணியிடத்தில் அழைத்தால் வேலையே போகலாம். "அவர்கள் சொல்லும்போது குற்றமில்லை, நான் சொன்னால் மட்டும் குற்றமா?" என்று பிள்ளை கேட்டால், நீங்கள் என்ன சொல்வீர்கள்?

எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்குப் பின்னால் நான்கு நூற்றாண்டுக் கண்ணீர் இருக்கிறது. ஆகவே சற்றுப் பொறுமையுடன் ஆராய்வோம்.

அச்சொல் எது?

'நீக்ரோ' என்னும் சொல்லை நாம் அறிவோம். கறுப்பு என்ற பொருளில் ஸ்பானிய, போர்ச்சுகீசிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த சொல் அது. தமிழ் ஏடுகளும் நெடுங்காலம் அதனைத் தயக்கமின்றி எழுதிவந்தன. 1963ஆம் ஆண்டு வாஷிங்டன் பேரணியில் உரையாற்றிய மார்ட்டின் லூதர் கிங்கும் தம் மக்களை அச்சொல்லால்தான் குறிப்பிட்டார். பின்னர் அம்மக்களே தம்மைக் 'கறுப்பர்' என்றும் 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்றும் அழைத்துக்கொள்ளத் தலைப்பட்டதால் பழைய பெயர் வழக்கொழிந்தது. நாம் பேசவந்த வசைச்சொல், அதே வேரில் முளைத்து இழிவுக்கென்றே வளர்ந்த மற்றொரு சொல். அதனை முழுமையாக உச்சரிக்கக் கூசும் அமெரிக்கர், "'என்' எழுத்துச் சொல்" என்று சுட்டுவர். நாமும் இக்கட்டுரையில் அவ்வாறே சுட்டுவோம்.

1619ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் குடியேற்றமான வர்ஜீனியாவுக்கு ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1865இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. சாட்டை ஒழிந்தும் சொல் ஒழியவில்லை. அடிமை முறை நிலவிய 1837ஆம் ஆண்டிலேயே ஹோசியா ஈஸ்டன் என்னும் கறுப்பினப் போதகர், தம் இனத்தாரைத் தாழ்ந்த பிறவிகளாகக் காட்டவே இச்சொல் வழங்கப்படுகிறது என்று நூலெழுதி வருந்தினார். வெள்ளையர் தம் குழந்தைகளைக் கண்டிக்கும்போதும் இச்சொல்லைக் கையாண்டதை அவர் எடுத்துக்காட்டினார்.

இச்சொல் ஒரு பிஞ்சு உள்ளத்தில் என்ன செய்யும் என்பதற்கு மால்கம் எக்ஸ் அவர்களின் வாழ்வே சான்று. மிச்சிகன் மாநிலப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்புப் பயின்றபோது அவர் முன்னணி மாணவர். வழக்கறிஞராக விரும்புவதாக அவர் கூறியபோது, ஆசிரியர் இதே சொல்லால் அவருடைய இனத்தைக் குறிப்பிட்டு, அது நடவாத ஆசை என்றும் தச்சுத்தொழில் கற்றுக்கொள்ளலாம் என்றும் அறிவுரை கூறினார். ஆசிரியர் கோபத்தில் ஏசவில்லை. நல்லது சொல்வதாகவே எண்ணினார். அதுவே அச்சொல்லின் கொடுமை. அந்த நாளைத் தம் வாழ்வின் திருப்பமாக மால்கம் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார். 1964இல் ஹஜ்ஜுக்குச் சென்ற அவர், அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் என்ற பெயரோடு திரும்பினார்.

கைப்பற்றப்பட்ட ஆயுதம்

இவ்வளவு நஞ்சு தோய்ந்த சொல்லைக் கறுப்பின மக்களே எடுத்து வழங்குவது ஏன்?

பகைவனின் கையிலிருந்த கத்தியைப் பறித்துவிட்டால் அவனால் குத்த முடியாது அல்லவா? அதுபோல, இழிசொல்லை நாமே நமக்குள் அன்புச் சொல்லாக்கிவிட்டால் அது மழுங்கிப்போகும் என்பது அவர்களுள் ஒரு சாராரின் வாதம். சொல்லின் இறுதியிலுள்ள ரகர ஒலியை நீக்கிச் சொன்னால் அது 'தோழா' என்னும் பொருள் தரும் வேறு சொல்லே என்றும் அவர்கள் கூறுவர். 1964இல் நகைச்சுவையாளர் டிக் கிரிகரி தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அச்சொல்லையே தலைப்பாக வைத்தார். இனிமேல் யாரேனும் அச்சொல்லைச் சொல்லக் கேட்டால், தம் நூலுக்கு விளம்பரம் செய்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுமாறு, மறைந்த தம் தாய்க்கு எழுதிய காணிக்கையுரையில் குறிப்பிட்டார். சிரிப்புக்குள் எத்தனை வலி பாருங்கள்!

மற்றொரு நகைச்சுவையாளரான ரிச்சர்ட் பிரையர், 1974இல் வெளியிட்ட ஒலித்தட்டின் பெயரிலேயே அச்சொல்லை வைத்தார். பல்லாயிரவர் கைதட்டினர். 1979இல் அவர் கென்யா சென்றார். ஆட்சியாளர் முதல் கடைக்காரர் வரை எல்லோரும் கறுப்பராயிருந்த அந்நாட்டில், அச்சொல்லுக்குரியவராக எவரும் தம் கண்ணில் படவில்லை என்பதையும், அங்கிருந்த நாட்களில் தாம் அச்சொல்லை நினைக்கவே இல்லை என்பதையும் உணர்ந்தார். இனி அதனைச் சொல்வதில்லை என்று முடிவு செய்து, 1982இல் வெளிவந்த மேடை நிகழ்ச்சிப் படத்தில் அதை வெளிப்படையாக அறிவித்தார். அச்சொல்லால் புகழ் பெற்றவரே அதனைத் துறந்தது சிறிய செய்தியன்று.

உறவு தரும் உரிமை

இனி, பிள்ளையின் கேள்விக்கு வருவோம். ஒருவர் சொல்லலாம், மற்றவர் சொல்லலாகாது என்பது நியாயமா?

2017இல் எழுத்தாளர் டா-நஹசி கோட்ஸ் இதற்கு ஓர் எளிய விளக்கம் அளித்தார். தம் மனைவி தம்மைக் கொஞ்சி அழைக்கும் பெயரால் தெருவில் செல்லும் வேறொரு பெண் அழைத்தால் அது முறையாகுமா என்று அவர் கேட்டார். சொல்லின் பொருளை உறவே தீர்மானிக்கிறது என்பது அவருடைய கருத்து. நம் இல்லங்களிலும் தாய் தன் மகனைக் 'கழுதை' என்று கடிந்துகொள்வாள், மகன் சிரிப்பான். அண்டை வீட்டார் அப்படிச் சொன்னால் சிரிப்பானா?

இஸ்லாமிய வரலாற்றிலும் இதற்கு ஓர் அழகிய சான்று உண்டு. ஹழ்ரத் அலீ (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் படுத்திருந்தபோது மேலாடை நழுவி, உடலில் மண் ஒட்டியிருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்மண்ணைத் துடைத்துவிட்டு, 'அபூதுராப்' (மண்ணின் தந்தை) என்று அன்பொழுக அழைத்து எழுப்பினார்கள். பிற்காலத்தில் அலீ (ரலி) அவர்களை வெறுத்தோர் அதே பெயரை ஏளனமாக வழங்கினர். அப்போது ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள், அலீ (ரலி) அவர்களுக்கு அதனினும் விருப்பமான பெயர் வேறில்லை என்று எடுத்துரைத்தார்கள். ஒரே பெயர், ஒரு நாவில் பரிவு, மற்றொரு நாவில் பகை.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடலாகாது. 'அபூதுராப்' அன்பில் பிறந்த பெயர். பகைவரால் அதனை அழுக்காக்க முடியவில்லை. 'என்' எழுத்துச் சொல்லோ வெறுப்பில் வளர்ந்தது. அதனை அன்பால் முற்றிலும் கழுவிவிட முடியுமா என்பதே கறுப்பின மக்களிடையே இன்றும் தீராத வழக்கு.

அவர்களுக்குள்ளேயே வழக்கு

2007ஆம் ஆண்டு ஜூலையில், கறுப்பின மக்களின் தொன்மையான உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி., டெட்ராய்ட் நகரில் இச்சொல்லுக்குச் சவப்பெட்டி செய்து, ஊர்வலமாக எடுத்துச் சென்று அடக்க நிகழ்ச்சி நடத்தியது. ஆயினும் பாடல்களில் அச்சொல் இன்றும் ஒலிக்கிறது.

2013இல் நியூயார்க்கில் ஒரு வழக்கு. கறுப்பின மேலாளர் ஒருவர் தம்மிடம் பணிபுரிந்த கறுப்பினப் பெண்ணை இச்சொல்லால் திரும்பத் திரும்பச் சாடினார். தாம் வளர்ந்த சூழலில் அது அன்பையும் குறிக்கும் என்று அவர் தரப்பில் வாதிடப்பட்டது. கூட்டாட்சி நீதிமன்ற ஜூரிகள் அதனை ஏற்கவில்லை. அப்பெண்ணுக்கு 2,50,000 டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தனர். தோலின் நிறம் ஒன்றாயிருப்பது மட்டுமே உரிமச்சீட்டு ஆகிவிடாது. கேட்பவரின் உள்ளம் காயப்பட்டால் அது காயமே என்பது இதனால் தெளிவாகிறது.

2018இல் அலபாமாவில் நடந்த இசை நிகழ்ச்சியில், பாடகர் கென்ட்ரிக் லமார் ஒரு வெள்ளையின ரசிகையை மேடைக்கு அழைத்துத் தம் பாடலைப் பாடச் சொன்னார். அப்பெண் பாடலிலுள்ள அச்சொல்லையும் விடாமல் பாடவே, பாட்டை நிறுத்தித் திருத்தினார். "அவரே எழுதிய பாடல், அவரே அழைத்தார், பாடியவர் மீது என்ன குற்றம்?" என்று சிலர் கேட்டனர். "பாடல் விற்பனைக்கு வந்தாலும் சொல் விற்பனைக்கு வரவில்லை" என்பது மறு தரப்பார் நிலை. இரண்டிலும் நியாயம் இல்லாமலில்லை. ஊரெல்லாம் பாடும் பாட்டில் ஒரு சொல்லை வைத்துவிட்டு, அதனை மட்டும் எவரும் தொடாதிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கடினமே.

ஏசுவதும் எடுத்துச் சொல்வதும்

மற்றொன்றையும் பிரித்தறிய வேண்டும். ஒருவரை ஏசுவது வேறு. ஏச்சைப் பற்றிப் பேசுவது வேறு. 2019இல் விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் நகரப் பள்ளியில், கறுப்பினக் காவலர் ஒருவரை ஒரு மாணவன் இச்சொல்லால் ஏசினான். அப்படிச் சொல்லாதே என்று கண்டிக்கும்போது காவலரும் அச்சொல்லை உச்சரித்துவிட்டார். எக்காரணத்துக்காகவும் அச்சொல்லை உச்சரிக்கலாகாது என்ற விதியின்படி அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்! மாணவர்கள் திரளாக வெளிநடப்புச் செய்து அவருக்காகக் குரல்கொடுக்க, சில நாட்களில் அவர் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார். ஏச்சுக்கு ஆளானவரையே தண்டித்த விதி, நீதியை மறந்த விதி அல்லவா?

மார்க் ட்வெயினின் 'ஹக்கிள்பெரி ஃபின்' புதினத்தில் இச்சொல் 200 முறைக்கு மேல் வருகிறது. 2011இல் அலபாமாப் பதிப்பகம் ஒன்று அதனை நீக்கி, 'அடிமை' என்ற சொல்லை இட்டு அச்சிட்டது. சொல்லை அழித்துவிட்டால் அக்காலக் கொடுமையும் மறைந்துபோகும் என்று பலர் எதிர்த்தனர். அந்த எதிர்ப்பு பொருளுடையதே.

அரபுச் சொல்லின் கதை

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் பூசல் என்று எண்ணிவிடாதீர்கள். 'காஃபிர்' என்ற அரபுச் சொல்லை நாம் அறிவோம். இறைமறுப்பாளரைக் குறிக்கும் அச்சொல்லில் நிறம் இல்லை, இனம் இல்லை. கிழக்காப்பிரிக்கக் கரையில் வணிகம் செய்த அரபியர் அங்கிருந்த முஸ்லிமல்லாத மக்களை அவ்வாறு குறிப்பிட, போர்ச்சுகீசியர் அதனைக் கேட்டுக் கறுப்பருக்குரிய பெயராக்கினர். பின்னர் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதனை ஏற்றனர். தென்னாப்பிரிக்காவில் அது கறுப்பரை இழிவுபடுத்தும் மிகக் கொடிய வசையாயிற்று. 2018இல், கறுப்பினக் காவலர்களை இச்சொல்லால் பன்முறை ஏசிய ஒரு பெண்ணுக்கு அந்நாட்டு நீதிமன்றம் 3 ஆண்டுச் சிறை விதித்து, அதில் 1 ஆண்டை நிறுத்திவைத்தது. நம் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் உட்பட, இச்சொல்லைத் தாங்கிய 200க்கும் மேற்பட்ட தாவரங்களின் அறிவியல் பெயர்களை மாற்ற 2024இல் உலகத் தாவரவியலாளர் முடிவெடுத்தனர்.

ஆனால் இலங்கையில் நிலைமை வேறு. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரால் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழ்கின்றனர். அவர்கள் தம்மைக் 'காப்பிரி' என்று கூறிக்கொள்ள நாணுவதில்லை. அது அவர்களுடைய சமூகப் பெயர். 'மஞ்சா' என்னும் இசைமரபு அவர்களுடைய பெருமை. ஒரே சொல், ஒரு நாட்டில் சிறைக்கு அனுப்புகிறது. மற்றொரு நாட்டில் குலப்பெயராக வாழ்கிறது. அதே சொல்லைச் சுருள்முடியும் கருநிறமும் உடைய பிள்ளையைக் கேலி செய்ய எடுப்போர் நம்மிடையேயும் உண்டு. சிரம்பியடியார் பெருமையோடு சொல்வதால் நமக்குக் கேலி செய்யும் உரிமை வந்துவிடுமா?

பிள்ளைக்கு என்ன சொல்வோம்?

வாசகர்களே! இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. யார் சொல்லலாம் என்பது ஒன்று. எவரேனும் சொல்லத்தான் வேண்டுமா என்பது மற்றொன்று.

முதற்கேள்விக்கு விடை தெளிவானது. அடி வாங்கிய முதுகுக்கு உரியவர்கள் தம் தழும்புக்கு என்ன பெயரிடுவது என்பதைத் தாமே முடிவு செய்யட்டும். அவர்கள் வழங்குவதைக் காட்டி நாம் உரிமை கோருவது முறையன்று. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நம் வேலையன்று.

இரண்டாம் கேள்வியில் என் மனம் ரிச்சர்ட் பிரையரின் பக்கமே சாய்கிறது. நண்பர் சொன்னால் சிரிப்பும், அந்நியர் சொன்னால் காயமும் தரும் சொல் இன்னும் மழுங்கவில்லை என்றே பொருள். கூர்மை மாறாத கத்தியை வைத்து விளையாடும்போது சிறு பிள்ளைகளும் அருகில் இருக்கிறார்கள் அல்லவா? ஆயினும் இதனை வெளியிலிருந்து ஆணையாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை; கருத்தாகவே சொல்கிறேன்.

நமக்கோ வழி முன்பே காட்டப்பட்டிருக்கிறது. ஒருவரையொருவர் பட்டப்பெயரிட்டு இழிவுபடுத்துவதைத் திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:11) தடை செய்கிறது. ஒரு மனிதரை அவருடைய தாயைச் சுட்டி இழிவாகப் பேசிய அபூதர் (ரலி) அவர்களை, அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறது என்ற கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். தமக்கு அன்பான தோழர் என்பதற்காக அண்ணலார் அதனைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே பிள்ளை கேட்கும்போது, "கெட்ட வார்த்தை, வாயை மூடு" என்று அதட்டிவிடாதீர்கள். அருகில் அமர்த்தி, எட்டாம் வகுப்பு மாணவர் மால்கமின் கதையைச் சொல்லுங்கள். பாடலில் அச்சொல் வருமிடத்தில் வாய்மூடிக் கேட்பது எப்படி என்பதை அவனே கண்டுகொள்வான். அன்றிரவே, நம் வீட்டில் நிறத்தையும் பிறப்பையும் சுட்டி நாம் வழங்கும் பெயர்கள் எவையெவை என்று குடும்பத்தோடு ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.