கணக்கைக் காக்கும் மூன்றாம் படி

ஒரு கடையில் விலைமதிப்பு மிக்க பொருள் எது? சரக்கு என்பார் சிலர். கல்லாப்பெட்டி என்பார் சிலர். சரக்கு நனைந்தால் வேறு வாங்கலாம். ஆனால் யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும், யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு அழிந்துபோனால், அதை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. அக்கணக்கு முன்பு பேரேட்டில் இருந்தது. இன்று கணிப்பொறியில் இருக்கிறது. இடம் மாறியதே தவிர, அபாயம் நீங்கிவிடவில்லை.

காரைக்கால் போன்ற கடலோர ஊர்களில் இதனைச் சிறப்பாக எண்ணிப் பார்க்கவேண்டும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு முதலிய ஊர்களைத் தாக்கியது. 2008 நவம்பர் 27-இல் 'நிஷா' புயல் காரைக்காலுக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்தது. கணிப்பொறியின் வன்தட்டில், சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி, தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே உப்பு நீரும் சேறும் புகுந்தால் என்னவாகும்? நகல் எடுத்து அதே மேசையில் வைத்திருந்தாலும் பயனில்லை. வெள்ளம் இரண்டையும் சேர்த்தே அழித்துவிடும்.

இதற்கான வழி புதிதன்று. காரைக்கால் 1739 முதல் 1954 வரை, இடையில் சில காலம் நீங்கலாக, பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. குடியேற்ற நாடுகளில் தட்பவெப்பமும் பிற விபத்துகளும் ஆவணங்களை அழிக்கின்றன என்று கண்டு, 1776-இல் மன்னர் பதினாறாம் லூயி ஓர் ஆணை பிறப்பித்தார். அதன்படி பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் படி ஒன்று கடல் கடந்து, வெர்சேய் நகரில் இதற்கென அமைந்த காப்பகத்துக்குச் செல்லவேண்டும். அவ்வாறு சென்ற காரைக்கால் பதிவேடுகள் இன்றும் பிரான்சு நாட்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இங்குள்ள கறையானும் புயலும் அங்குள்ள படியைத் தொட முடியாதல்லவா?

ஆனால் இன்று தொலைவு மட்டும் போதாது. புதிய பகைவன் கம்பி வழியே வருகிறான். கணிப்பொறியில் புகும் ஒருவகைத் தீநிரல், கோப்புகளையெல்லாம் இரகசியக் குறியீடாக மாற்றிவிடும். திறவுகோல் வேண்டுமானால் பணம் கொடு என்று மிரட்டும். இதனை ரான்சம்வேர் என்பர். பணம் கொடுத்தாலும் கோப்புகள் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.

2017 ஜூனில் பரவிய 'நாட்பெட்யா' என்ற தீநிரல், டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியது. ஏறத்தாழ 4,000 வழங்கிகளிலும் 45,000 கணிப்பொறிகளிலும் மென்பொருள்களை மீண்டும் நிறுவ வேண்டியதாயிற்று. யார் யார் உள்ளே நுழையலாம் என்ற விவரத்துக்கு உலகெங்கும் பல படிகள் இருந்தன. எனினும் அவை ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் ஒருங்கே அழிந்தன. ஒன்றே ஒன்று எஞ்சியது. கானா நாட்டில் மின்தடையால் இணைப்பு அறுந்திருந்த பொறி அது! அந்த ஒரு படியே மீட்சிக்கு அடிப்படையாயிற்று.

ஆகவே வல்லுநர் கூறும் விதி இது: கணக்குக்கு மூன்று படிகள் வேண்டும், அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருக்கவேண்டும், ஒன்றேனும் வெளியூரில் இருக்கவேண்டும். இத்துடன், ஒரு படியாவது இணைப்பின்றி இருப்பது நன்று. சிறு கடைக்காரர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கடைக் கணிப்பொறியில் ஒன்று, நகல் எடுத்தவுடன் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வன்தட்டில் ஒன்று, இணையவழிச் சேமிப்பகத்தில் ஒன்று எனப் போதும். இணையவழிச் சேமிப்பகம் பழைய பதிப்புகளையும் வைத்திருப்பதாக இருக்கட்டும். இல்லையேல் இங்கே கெட்ட கோப்பு அங்குள்ள நல்ல கோப்பின் மீதே பதிந்துவிடும்.

இறுதியாக ஒன்று. மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து, வேறொரு கணிப்பொறியில் கணக்கு சரியாக வருகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பிப் பயனில்லை. ஐப்பசி பிறக்குமுன் கூரையைச் சரிபார்ப்பது நம் வழக்கம்; கணக்கின் படியையும் அப்போதே சரிபார்த்துவிடலாம்.